பெயரில்லாத இரண்டு பட்டன்கள்

"வெப்சைட் தேறின அதே ஐம்பது பார்வையற்றோர் வசதி விதிதாம்மா. ஆஸ்பத்திரி செயலியிலயும் எல்லாத்துக்கும் டிக் போட்டாச்சு. உன் கையெழுத்துதான் பாக்கி" என்றார் மேலாளர் தணிகைவேலன்.

பார்வையற்ற பரிசோதகர் செல்வமேரி பேனாவைத் தொடவில்லை. "உங்க போன்லயே ஒரு தடவை பாத்துருங்க சார்" என்று அதை வாங்கித் திரையை இருட்டாக்கி, படித்துச் சொல்லும் குரலை மட்டும் ஓடவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

தணிகைவேலன் சிரித்தபடி அந்த மருத்துவமனைச் செயலியைத் திறந்தார். மூன்று வாரம் காத்திருந்த அவர் அப்பாவின் இதய ஸ்கேனுக்கு அப்போதுதான் இடம் வந்திருந்தது. "இருபது விநாடிக்குள் உறுதி செய்யவும் அல்லது ரத்து செய்யவும்" என்றது குரல். விரலை நகர்த்தினார். "பட்டன்." மேலும் நகர்த்தினார். "பட்டன்."

"டேய் கிஷோர், உறுதி செய்யற பச்சை பட்டன் எந்தப் பக்கம்டா?"

"போன வாரம்தான் மாத்தினோம் சார்... வலதா, இடதா..." என்று இழுத்தான் செயலியை வடிவமைத்த கிஷோர்.

"ஐந்து" என்றது குரல்.

"இங்க குடுங்க சார், திரையைப் போட்டுடறேன்!" என்று செல்வமேரி கைகளால் காற்றைத் துழாவினாள்.

போன் அவள் கைக்கு வரவில்லை. விரல் கண்ணாடியில் தட்டும் ஓசை மட்டும் கேட்டது.

"உங்கள் விருப்பம் பதிவாகிவிட்டது" என்றது குரல். "நன்றி."