ஆறு சிட்டிங், ஒரு மொட்டை

“சாமியா வந்து என் தலையில ஊசி போட்டுச்சு? டாக்டர்தானே போட்டாங்க!”

படூரில், கிளினிக் வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தான் ரஞ்சித்குமார். தொப்பி போட்டபடி உள்ளே நுழைந்த ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

எதிர்முனையில், அச்சரப்பாக்கம் வீட்டில், அவன் அம்மா அம்சா.

“மெதுவாப் பேசுடா. வேண்டுதல் கீதுன்னுதானே சொன்னேன். உன் விஷயமா வேண்டிகினது. சனிக்கிழமை திருத்தணில மொட்டை. நீயும் கூட வந்து நின்னீன்னா...”

“ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்கப் போறோம். சனிக்கிழமை மொட்டையா? இன்னாம்மா, தெரிஞ்சுதான் பேசுறியா?”

“டேய், நான் சொல்றத முழுசா...”

கட் செய்துவிட்டான்.

அவன் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கொட்டிய முடி திரும்ப முளைக்க ஆறு மாதம், ஆறு சிட்டிங். ஒவ்வொரு முறையும் அவன் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, மிஷினில் சுற்றவிட்டு, தெளிந்து நிற்பதை மட்டும் பிரித்து, தலை முழுக்க ஊசி குத்தி ஏற்றுவார்கள். மரத்துப்போக மருந்து தடவியும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

இன்றைக்குத்தான் டாக்டர் ஜோதிலட்சுமி முதல் நாள் போட்டோவையும் இன்றைய போட்டோவையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார்.

“வேர் சாகாம இருந்துச்சு, அதான் பலன் கிடைச்சுது. எல்லாருக்கும் இப்படி வராது தம்பி. விடாம பார்த்துக்கணும்.”

உச்சந்தலையில் நாற்றங்கால் மாதிரி புது முடி. அதைக் கொண்டுபோய் வழித்துக் கொடு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

இந்த ஊசிக்கு முந்தைய எட்டு மாதம் பெரிய பாடு. ‘மாப்பிள்ளைக்கு வயசு கூடத் தெரியுது’ என்று இரண்டு பெண் வீட்டார் சொல்லிவிட்டுப் போனபிறகு, மாட்டிய தொப்பியை அவன் கழற்றவே இல்லை. அச்சரப்பாக்கம் வீட்டில் ஓர் அறைக்குள்ளேயே ஆபீஸ், அங்கேயே சாப்பாடு. மீட்டிங்கில்கூட கேமராவைத் திறக்க மாட்டான். இப்போதுதான் படூரில் ரூம் எடுத்து, ஆபீசுக்குப் போக ஆரம்பித்திருக்கிறான்.

சாயங்காலம் அப்பா கண்ணாயிரம் கூப்பிட்டார்.

“உங்கம்மா இன்னா சொல்ல வர்றான்னா...”

“மொட்டை பேச்சுன்னா போனை வெச்சிடு நைனா.”

அவர் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. திருவிடந்தை பெருமாள் கோயில் வாசல். கல்யாணம் கூடிவர வேண்டிக்கொண்டு மாலையும் கையுமாக ஒரே கூட்டம். பெண் வீட்டார் இங்கேதான் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார்கள். ரஞ்சித்குமார் முன்னதாகவே வந்து, பைக் கண்ணாடியில் மூன்றாவது முறையாகத் தலை வாரிக்கொண்டிருந்தான்.

ஆட்டோ வந்து நின்றது. கண்ணாயிரம் இறங்கினார். பின்னாலேயே அம்சா. பட்டுப் புடவை, தலைக்கு மேல் முந்தானை.

கடல் காற்றில் முந்தானை நழுவியது.

மழுங்க வழித்த தலை. மேலே சந்தனம். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலுக்கென்றே ஊரில் பேர் வாங்கியவள் அம்சா.

“இன்னாம்மா இது! என் மேல கீற கோவத்துல நீ போட்டுக்கினு வந்துட்டியா? பொண்ணு வூட்டுக்காரங்க இன்னா நினைப்பாங்க?”

அவள் வாயைத் திறப்பதற்குள் பெண் வீட்டார் வந்துவிட்டார்கள். பெண் தமிழ்ச்செல்வி தலைகுனியாமல் நேராகவே பார்த்துச் சிரித்தாள். அவள் அம்மாவின் கண் மட்டும் அம்சாவின் தலையிலேயே நின்றது.

“திருத்தணியா சம்பந்தி? யாருக்கு வேண்டுதல்?”

ரஞ்சித்குமாரின் கை தன்னையறியாமல் உச்சந்தலைக்குப் போனது. போச்சு, ஊசிக் கதை மொத்தமும் இங்கேயே சந்திக்கு வரப்போகிறது.

“வூட்ல ஒருத்தர் ரொம்ப நாளா சுகமில்லாம கெடந்தாங்க. இப்போ எழுந்து நல்லா நடமாடுறாங்க. அதான்” என்று சிரித்தாள் அம்சா.

“முருகன் கைவிட மாட்டாருங்க” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் பெண்ணின் அம்மா. கண்ணாயிரம் அவர்களை மாலைக் கடைப் பக்கம் அழைத்துப் போனார்.

ரஞ்சித்குமார் அம்மாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“நல்லவேளை, மறைச்சிட்டே. எனக்கு முடி வந்தா என்னுத குடுக்கறேன்னு வேண்டிகினே. நான் வரலைன்னதும் உன்னுத குடுத்துட்டே. அப்படித்தானே?”

அம்சா முந்தானையை இழுத்துத் தலைக்கு மேல் விட்டுக்கொண்டாள்.

“உன் முடியை யாருடா கேட்டா? அந்தத் தொப்பியைக் கழட்டிப் போட்டுட்டு நீ நாலு பேரு நடுவுல வந்து நின்னா, என் முடியைத் தர்றேன்னுதான் வேண்டிகினேன். கூட வந்து நில்லுன்னு கூப்பிடத்தான் போன் பண்ணேன். உனக்கு ஒரு முடி முளைக்காமலே நீ வெளியில வந்திருந்தாலும் இந்த மொட்டையை நான் போட்டிருப்பேன்.”