பசை படாத மில்

உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. பசை போட்டு ஒட்டுகிறவர்கள், ஒட்டாதவர்கள்.

இந்த மாபெரும் உண்மையைக் கண்டு சொன்னவர் ராஜபாளையம் சங்கையா. மில்லில் டைம் கீப்பர், வயது நாற்பத்தாறு, பிளாஸ்டிக் கட்டைக் கலைஞர் சங்கத்தின் நிறுவனர் மற்றும் செயலாளர்.

சங்கத்தில் மூன்று பேர். அதில் ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

கட்டை என்றால் வேறொன்றுமில்லை. சின்னப் பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திச் செருகி வீடு கட்டி விளையாடுமே, அதுதான். சங்கையாவின் காதுபட இப்படிச் சொல்லிவிடக் கூடாது.

கட்டையைக் கட்டைதான் பிடிக்க வேண்டும், பசை தொட்டவர் கலைஞர் அல்ல என்பது சங்கத்தின் முதல் விதி. இரண்டாவது விதி இன்னும் எழுதப்படவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் மே மாதம், பள்ளிக்கூட ஹாலில் நடந்த கைவினைக் கண்காட்சியில், அந்த முதல் விதிக்காகத்தான் சங்கையா தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்.

"சார், இது பசை! தொட்டுப் பார்க்கவே வேண்டாம், தூரத்துல நின்னே சொல்லுவேன். முதல்ல இந்த ஆளைப் போட்டியிலேருந்து எடுங்க!"

'இந்த ஆள்' என்பது சங்கத்தின் மூன்றாவது உறுப்பினர் அபுதாஹிர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஃபேன்சி ஸ்டோர். சவுதியிலிருந்து மச்சான் அனுப்பிய கட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து, கடை வாசலில் நின்றால் தெரிகிற கோபுரத்தையே மூன்றடி உயரத்துக்குக் கட்டியிருந்தார். பதினோரு நிலை. கூட்டம் அந்த மேசையைச் சுற்றித்தான் நின்றது.

பக்கத்து மேசையில் சங்கையாவின் மில். சுற்றுச்சுவர், கேட், டைம் ஆபீஸ், நாலடிப் புகைபோக்கி. எட்டு மாத உழைப்பு. அங்கே சங்கையாவின் மனைவி இருளம்மாள் மட்டும் நின்றாள்.

நடுவராக வந்திருந்த ஓவிய வாத்தியார் ஐயாதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்படிச் சொல்றீய?"

"டவுன் பஸ்ல கொண்டாந்திருக்காரு சார். வன்னியம்பட்டி விலக்குல பஸ் குதிக்கிற குதியில மனுஷனுக்கே இடுப்பு எலும்பு கழண்டு போகும். இவரு கோபுரத்துல ஒரு கட்டை கழலலே. எப்படி?"

கூட்டம் அபுதாஹிரைப் பார்த்தது. அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"அண்ணாச்சி, கை வச்சு இழுத்துப் பாத்துட்டுப் பொறவு பேசுங்க. நாலு பேர் முன்னால கள்ளப்பய மாதிரி ஆக்காதிய."

"நான் எதுக்குத் தொடணும்? எனக்குத் தீட்டு."

இருளம்மாள் வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "ஏங்க, போதும், வாங்க. வீட்டுக்குப் போயிருவோம்."

"ஏட்டி, சும்மா கெட. இது கொள்கை."

"செத்த நேரம் நான் சொல்றதக் கேளுங்க..."

கேட்கவில்லை. கொள்கை ஏறிய மனுஷன் பெண்டாட்டி பேச்சை என்றைக்குக் கேட்டிருக்கிறான்? சங்கையா நேராகத் தன் மில்லுக்குப் போனார். கூட்டமும் பின்னாலேயே வந்தது. அதுவே அவருக்குப் பாதி வெற்றி.

"எல்லாரும் பாத்துக்கிடுங்க. பசை இல்லாத வேலைன்னா, பிடிச்சு இழுத்தா அது மட்டும் கையோட வரணும். இப்படி!"

புகைபோக்கியைப் பிடித்து மேலே இழுத்தார்.

புகைபோக்கி வந்தது. கூடவே மில் வந்தது. சுற்றுச்சுவர், கேட், டைம் ஆபீஸ், அடியிலிருந்த பிளைவுட் பலகை, பலகையில் குத்தியிருந்த 'செயலாளர்' என்ற அட்டை, எல்லாம் மேசையை விட்டு அரையடி எழும்பி அவர் கையில் தொங்கின.



அபுதாஹிர் தன் கோபுரத்தின் உச்சி நிலையைக் கழற்றினார். அடுத்ததைக் கழற்றினார். பதினொன்றையும் கழற்றி, மேசைக்கு அடியிலிருந்து எடுத்த பதினோரு முறுக்கு டின்களில் ஒவ்வொன்றாக வைத்தார். அப்படித்தான் பஸ்ஸில் வந்திருந்தது.

"யாரு... யாரு செஞ்ச வேலை இது?" என்றார் சங்கையா. மில் இன்னும் கையில்தான் இருந்தது.

"நாந்தான்," என்றாள் இருளம்மாள். "அக்கினி வெயில்ல வீட்டுக்குள்ள ஃபேன் போட விட்டியளா? காத்துல ஒரு கட்டை விழுந்துச்சுன்னு ரெண்டு நாளு சோறு தண்ணியில்லாம கெடந்திய. பைப்பு ஒட்டுன பசை மிச்சம் கெடந்துச்சு. நீங்க மில்லுக்குப் போன பொறவு, தீக்குச்சியால இடுக்கு இடுக்கா தடவி விட்டேன். எம்புட்டு நாளுதான் விசிறி மட்டையால விசிறிட்டுக் கெடக்க?"

ஐயாதுரை வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

பசை தடவி அன்றோடு பதினேழு நாள் ஆகியிருந்தது. பதினேழு நாளும் அந்த வீட்டில் ஃபேன் ஓடியது. ஒரு கட்டைகூட அசையாததைக் கண்டு, அது தன் கைப்பக்குவம் என்று சங்கையா நம்பியிருந்தார்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஷிப்டுக்காரர்கள் ஆறு பேரை வீட்டுக்கு அழைத்து, ஃபேனை அஞ்சில் வைத்துக் காட்டியுமிருந்தார்.