வானத்தில் கொட்டிய காசு

"ஆகாயத்துல கொண்டுபோய்க் கொட்டுற காசுல கடலோரமா ஒரு சுவர் கட்டிக் குடுத்திருந்தா, என் ஜனங்க இப்படிச் செத்திருப்பாங்களாய்யா?"

ஊர்த் தலைவர் போட்ட சத்தத்தில் நிருபர் மைக்கைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பின்னால் ஊர் சேறும் தகரமுமாகக் கிடந்தது. கடல் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தது.

முந்தாநாள் மதியம் புயலோடு ஏறிய அலை பதினோரு பேரைக் கொண்டுபோய்விட்டது. அதில் தலைவருடைய தம்பியின் மனைவியும் ஒருத்தி. அவள் இடுப்பிலிருந்த கைக்குழந்தையும்தான்.

தம்பி பக்கத்தில்தான் நின்றான்.

தலைவர் ராக்கெட் விடுகிறவர்களை விட்டு விளாசினார். நிலாவில் என்ன, அவர்கள் பாட்டன் சொத்தா புதைந்து கிடக்கிறது? இங்கே ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, செவ்வாயில் என்ன வேலை?

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

இடது கையை வீசி வீசிப் பேசினார். வலது கை கால்சட்டைப் பையை விட்டு வெளியே வரவேயில்லை.

முன்கூட்டியே எச்சரிக்கை வந்ததா என்று நிருபர் கேட்டார். ஒருத்தனும் சொல்லவில்லை என்று தலைவர் அடித்துச் சொன்னார்.

தம்பி அவர் தோளில் முகம் புதைத்து உடைந்து அழுதான்.

"எனக்காகக் கேக்க நீ ஒருத்தனாவது இருக்கியேண்ணே."

தலைவர் இடது கையாலேயே அவனை அணைத்துக்கொண்டார்.

செயற்கைக்கோள் பார்த்துச் சொன்னதாக அவருடைய போனுக்கு, புயலுக்கு முந்தைய நான்கு நாளில் நான்கு செய்திகள் வந்திருந்தன. கடல் ஏறும், ஊரைப் புயல் காப்பகத்துக்கு மாற்றுங்கள். எந்த நாள், எந்த நேரம் என்பதுகூட இருந்தது. சும்மா பூச்சாண்டி காட்டுகிறான்கள் என்று யாரிடமும் சொல்லாமல் டவுனுக்குப் போய்விட்டார்.

தூண்கள்மேல் உயரமாக நிற்கும் அந்தக் காப்பகத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. பதினோரு பேரையும் அதன் படிக்கட்டின் கீழே, பூட்டிய இரும்புக் கதவடியில்தான் எடுத்தார்கள்.

ஆடு ஏறி அசிங்கம் பண்ணுகிறது என்று பூட்டியவர் தலைவர்தான். ஆளாளுக்கு வந்து கேட்பார்களே என்று, சாவி மேலதிகாரியிடம் இருப்பதாக ஊரை நம்பவைத்திருந்தார்.

இன்னொரு சேனல்காரர் மைக்கோடு ஓடிவந்தார்.

தலைவர் பைக்குள் சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்து மறுபடியும் கத்த ஆரம்பித்தார்.