சூடு அடங்கிய பெட்டி

டெல்வினின் கணினி அடிக்கடி அணைந்து, தானாகவே மறுபடி எழுந்துகொண்டிருந்தது. அவன் அப்பா வரச்சொல்லியிருந்த மெக்கானிக் இத்ரீஸ் மூடியைக் கழற்றினான். “பிராசசரும் மெமரியும் தாங்காத வேகத்துக்கு ஏத்தி வச்சிருக்கும்மா. யாரு செஞ்சது?”

“எம்மவன்தான்,” என்றாள் ஜெசிந்தா. போன மாதம் இதன் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் டெல்வினுக்கு இதயம் நின்றுபோனது. இத்ரீஸ் வேகத்தைக் குறைத்தான். மாலைவரை கணினி ஒருமுறைகூட அணையவில்லை. அவன் பையை மூடும்போது, சூடு அடங்கிப்போன பெட்டியின் மேல் அவள் கையை வைத்துப் பார்த்தாள்.

“அவன் வச்சிருந்தபடியே வச்சிரு தம்பி.”

“மறுபடி நின்னுபோகுமேம்மா.”

“நிக்கட்டும். இது எந்திரிச்சிருதுல்லா.”