கடுகு வெடித்த காலை

2019 ஜூலை 14 காலை, விருதுநகரில் ஒரு வீட்டில் பல வாரங்களுக்குப் பிறகு கடுகு தாளித்தார்கள். மருமகள் இன்பவல்லிக்கு மசக்கை. தாளிக்கும் வாசனை பட்டாலே குடலைப் பிரட்டும். "இந்தச் சனியன் எப்பத்தான் நிக்குமோ" என்று அவளே தினமும் சலித்துக்கொள்வாள். அன்று மாமனார் வெள்ளைச்சாமிக்கும் பொறுமை போயிற்று. "இன்னும் எத்தனை நாளைக்கு இந்த ஆஸ்பத்திரி சாம்பார்?" என்று அவரே கரண்டியை அடுப்பில் வைத்தார்.

இன்பவல்லி குளியலறைக்கு ஓடினாள். குமட்டல் வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டுக் காத்து நின்றாள். போன முறையும் இப்படித்தான் ஒருநாள் வாந்தி நின்றது. அந்த வாரமே கரு கலைந்தது.

எண்ணெயில் பெருங்காயம் விழுந்த பிறகுதான் குடல் புரண்டது.

முகம் கழுவி வந்தவளிடம், "தப்புத்தாம்மா. இனிமே தாளிக்கல" என்றார் மாமனார்.

"நாளைக்கும் தாளிங்க, மாமா."

மறுநாளும் கடுகு வெடித்தது.