தேங்காய் நிமிர்ந்த இடம்

இதனால் மணலூர்பேட்டை சுற்றுவட்டாரத்துக்கு அறிவிக்கப்படுவது: உள்ளங்கையில் தேங்காய் வைத்து நிலத்தடி நீர் பார்க்கும் கொளஞ்சியப்பனின் வாக்கு பலித்து, போன மாதம் பகலவன் கொல்லையில் நூறடியிலேயே தண்ணீர் பீறிட்டது. அன்றிலிருந்து அவர் ஊருக்கு மாப்பிள்ளை, காலேஜ் எல்லாமும் பார்த்துச் சொல்கிறார்.

இன்று, நிர்மலாவின் காய்ந்துகொண்டிருந்த கரும்புக் கொல்லையில் அவர் கைத் தேங்காய் நிமிர்ந்தது.

"இங்க போர் போடும்மா," என்றார்.

"இன்னொருத்தரையும் கேட்டுக்கலாங்களா?"

"இன்னாம்மா பேசற? பகலவன் கொல்லையில தண்ணிய பாக்கலியா?"

போர் வண்டி டிரைவர் சரத்குமார் சிரித்தான். "அக்கா, அன்னிக்கு இவுரு காட்டுன எடம் ஒரே சேறு. வண்டி போவல. நின்ன எடத்துலயே போட்டுட்டோம்."

"தண்ணி வந்துச்சா, இல்லியா?" என்றார் கொளஞ்சியப்பன்.

நிர்மலாவுக்குப் புத்தி தெளிந்தது.

"அப்ப ராசி வண்டிக்குத்தான். இப்ப நிக்கிற எடத்துலயே போடு தம்பி!"

ஐந்நூறு அடி வரைக்கும் புழுதிதான் வந்தது.