மின்னுற இடம்

தேனியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சுருளிராஜன், திரையில் படமே வரவில்லை என்று வாடிக்கையாளர் தூக்கிவந்த சிபியுவைத் திறந்து கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிப் பார்த்ததும் கொதித்துப்போனார்.

“ஏன்யா, நேத்து வாங்கிட்டுப் போன கார்டுய்யா இது! அடியில வரிசையா தங்கக் கலர்ல கோடு இருக்குல்ல? அது ஸ்லாட்டுக்குள்ள இருக்க பின்னுகளோட ஒட்டி நின்னாத்தான் படம் வரும். அங்கன போயி சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்பி வச்சிருக்க!”

“அண்ணே, நாளைக்கு நான் கல்யாண ஆல்பம் முடிச்சுக் குடுக்கணும். ஆண்டிபட்டியில இருந்து இதத் தூக்கிக்கிட்டு...”

“பேசாத! சாமி கும்பிடணும்னா மேல் மூடியில பொட்டு வையி. ஸ்டூடியோ வச்சிருக்கவன், இதுகூடத் தெரியாதா?”

கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது. எழுதித் தாரேன், பேரச் சொல்லு.”

“மரிய ஜோசப்.”

சுருளிராஜனின் பேனா நின்றது.

“எங்க வீட்ல எந்த மிஷினுக்கும் பொட்டு வைக்கிறதில்லண்ணே,” என்றார் மரிய ஜோசப், பல்லைக் கடித்தபடி. “வாங்கும்போதே இருந்துச்சு. உங்க சாமி காரியம், அழிச்சா தப்பாயிருமோன்னு அப்படியே மாட்டுனேன்.”

அதற்குள் சந்தனக் கிண்ணத்தோடு உள்ளிருந்து வந்தார் சுருளிராஜனின் மனைவி உமாதேவி.

“ஏங்க, இன்னைக்கு வந்த பத்து கார்டுக்கும் பூசை போட்டுட்டேன். நல்லாத் தங்கமா மின்னுற இடமாப் பாத்துப் பொட்டு வச்சிருக்கேன்!”